மூன்றாம் பக்கத்துத் தெரு

“சைக்கிள் கடை முனையில திரும்புங்க சார். பெரிய மரம் ஒண்ணு நிக்கும். அதுலேர்ந்து நாலாவது வீடு. தயவுசெஞ்சு இன்னைக்கே வந்துடுங்க, நாளைக்குக் காலையில கல்வி ஆபீசர் வந்துடுவாரு!”

மகளின் நோட்டில் சில பக்கங்களைக் காணோம் என்று போனில் பேசிய பெண்ணை நேரில் வரச் சொன்னால், “என்னால வர முடியாது சார்” என்று அழுதாள். நில அளவையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்று, இப்போது ஊரில் காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கும் சர்வேயர் குடையை எடுத்துக்கொண்டார். கூடவே அவர் மனைவியின் தம்பியும் கிளம்பினான். அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, சரியாகத்தான் வைத்திருந்தார்.

அரை மணி நேரம் அலைந்தார்கள். முனையில் சைக்கிள் கடையும் இல்லை, மரமும் இல்லை. ஒரு பல் ஆஸ்பத்திரிதான் இருந்தது. அதன் பெயர்ப் பலகையில் எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்து, பல் படம் மட்டும் மிஞ்சியிருந்தது.

“சொந்த வீட்டுக்கு வழி சொல்லத் தெரியல. இவங்க வீட்ல எது காணாம போனாத்தான் என்ன அத்தான்!” என்று அவசரம் எரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக் காவலாளிதான் வீட்டைக் காட்டினார்.

முன்னறையே பள்ளிக்கூடமாக இருந்தது. மேசையில் வெள்ளைத்தாள், அட்டை, பசை, ஊசி, நூல். அந்த அம்மா தன் பதினொரு வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். நோட்டுகளைக்கூடக் கடையில் வாங்குவதில்லை. நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மடிப்பில் தைத்தால் பதினாறு பக்கம், ஒரு கட்டு. எட்டுக் கட்டு சேர்ந்ததுதான் பூகோள நோட்டு.

“முதல் கட்டைப் பாருங்க சார். மூணு, நாலாம் பக்கம் இல்ல. பதிமூணு, பதினாலும் இல்ல. நாளைக்கு ஆபீசர் நோட்டைப் பார்த்து, வீட்டுலயே படிக்கலாம்னு கையெழுத்துப் போடலன்னா இவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்.”

“சேர்த்தா என்ன குடி முழுகிடும்?” என்றான் அவசரம்.

அவள் சுவரிலிருந்த ஒரு சிறுவனின் படத்தைக் காட்டினாள். “பெரியவனைச் சேர்த்தேன். நாலு வருஷம் ஆச்சு. ரோட்டைத் தாண்டும்போது லாரி.”

அவசரம் நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவி, கேட்காமல் இருந்திருக்கலாம்.

சர்வேயர் நோட்டின் பொருளடக்கத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கம், ‘எங்கள் தெரு’, போன மாதத் தேதி. பதிமூன்றாம் பக்கம், ‘பாலைவனம்’.

“தெருப் படத்தை நீங்க பார்த்தீங்களா?”

“வரி வரியாப் பார்த்தேன். ஒரு தப்பு இல்ல. சிவப்பு மையில ரைட் போட்டேன்.”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “மாடியில என் நாத்தனார் இருக்காங்க. கடைக்குப் போறது, காய் வாங்கறது எல்லாம் அவங்கதான், குறை சொல்லக் கூடாது. ஆனா, ‘பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு’ன்னு தினமும் சண்டை.”

அவசரம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி நாத்தனாரை அழைத்து வந்துவிட்டான். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். “நான் கிழிக்கறதா இருந்தா நோட்டையே கிழிச்சு அடுப்புல போட்டிருப்பேன். ரெண்டு தாளோடயா விடுவேன்?”

“ரெண்டு தாள் இல்லம்மா, ஒரே தாள்” என்றார் சர்வேயர். “மடிச்ச தாள்ல ஒரு பாதி மூணும் நாலும், மறுபாதி பதிமூணும் பதினாலும். பாலைவனம் பாவம், கூடவே போயிடுச்சு. கிழிச்சிருந்தா மடிப்புல பிசிறு நிக்கும். இங்க ஒரு பிசிறு இல்ல. மத்த கட்டுல நூல் அழுக்கா இருக்கு. இதுல மட்டும் புது நூல். யாரோ தையலைப் பிரிச்சு, தாளை உருவிட்டு, அழகா மறுபடி தைச்சிருக்காங்க.”

“இந்த வீட்ல தைக்கத் தெரிஞ்சவங்க...” என்று தொடங்கிய அவசரம், மூலையில் நின்ற சிறுமியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சர்வேயர் ஐந்தாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். முன்தாளில் அழுத்தி வரைந்த பென்சிலின் தடம் அதில் பதிந்திருந்தது. “தெரு முனையில ஒரு மரம். பக்கத்துல சைக்கிள் கடை. நீங்க போன்ல சொன்ன அதே வழி. ஆனா அங்க பல் ஆஸ்பத்திரி வந்து, அதோட போர்டே வெளுத்துப் போச்சு.”

“அதெல்லாம் போய் மூணு வருஷம் ஆகுதே!” என்றாள் நாத்தனார்.

“போன மாசம் வரைஞ்ச பிள்ளைக்கு அது தெரியல. திருத்தின அம்மாவுக்கும் தெரியல. நாலு வருஷமா ரெண்டு பேரும் கேட்டைத் தாண்டல.”

சிறுமி தலையணை உறைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். “அத்தை பார்த்துட்டு, ‘அந்தக் கடையே இப்ப இல்லடி’ன்னு சிரிச்சாங்க. ஆபீசர் பார்த்தா நான் வெளியவே போறதில்லன்னு கண்டுபிடிச்சுடுவாரு. அம்மாவைத் திட்டுவாரு. அதான் எடுத்துட்டேன்.”

அம்மா தாளை வாங்கினாள். தான் போட்ட சிவப்புக் குறியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். “வாடி, போய்ப் பார்த்துட்டு வந்து திருத்துவோம்.”

கேட்டில் கைவைத்தாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். இன்னொரு முறை முயன்றாள். மூன்றாவது முறை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பரவாயில்லம்மா. அத்தையைக் கேட்டு, உள்ளயே உட்கார்ந்து வரைஞ்சுடறேன்” என்று சிறுமி அவள் முதுகைத் தடவினாள். பெற்றவளைத் தேற்றிப் பழகிய கை அது. கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

அம்மா தாளைச் சர்வேயரிடம் நீட்டினாள்.

“நாளைக்கு ஆபீசர்கிட்ட, திருத்தாம இப்படியே, நீங்களே குடுத்துடுங்க சார். என் கையில இருந்தா, அவர் வர்றதுக்குள்ள நானே எரிச்சுடுவேன்.”