கடைசி வாய்த் தண்ணீர்

உடும்பஞ்சோலைப் பக்கத்து அந்த நர்சிங் கல்லூரியில் பழைய ஏலக்காய் ஸ்டோரைத்தான் வி.ஆர். லேப் ஆக்கியிருந்தார்கள். வெள்ளையடித்தும் வாசனை போகவில்லை. பகல் இரண்டு மணிக்கே மூடுபனி வந்து ஜன்னலை அப்பிக்கொள்ளும்.

அம்மா சின்னத்தாயின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அன்றுதான் சிவசங்கரி வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். பெற்ற மகள் இருந்தும் கடைசி வாய்த் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போனாளே என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவளைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா இறந்த நாள் காலை அன்னமேரி டீச்சர்தான் போனில் சொல்லியிருந்தார், “அம்மைக்கு ஒண்ணுமில்ல மோளே. நான் போய்ப் பாத்துக்கறேன். நீ பரீட்சை எழுது.” டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பரீட்சை எழுதினாள்.

அன்னமேரி டீச்சரின் இன்றைய பாடம், மூச்சுத் திணறும் நோயாளி. ஹெட்செட்டை மாட்டினால் நோயாளியின் வீட்டுக்குள்ளேயே நிற்கலாம். அவர் எவ்வளவு கெஞ்சினாலும் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஊற்றினால் மதிப்பெண் கிடையாது.

சிவசங்கரி மாட்டினாள்.

நீலச் சுவர். ஆணியில் கொழுந்துக் கூடை. நாள்காட்டியில் இருபத்துமூன்று.

அவள் பரீட்சை எழுதிய தேதி.

கட்டிலில் அம்மா கிடந்தாள். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல். அலமாரிக் கண்ணாடியில், கேமராவைப் பிடித்தபடி அன்னமேரி நின்றாள்.

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள். சாகிறவளைப் பாடமாக்க, மகளைப் பரீட்சையில் உட்காரவைத்திருக்கிறாள்.

அப்போது அம்மா தலையைத் திருப்பி அவளையே பார்த்தாள்.

“சங்கரி… வந்துட்டியா தாயி. தொண்ட காயுதுடி.”

சிவசங்கரி தடவித் தடவித் தன் பாட்டிலைத் திறந்து கட்டில் பக்கம் சாய்த்தாள். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

ஹெட்செட்டைக் கழற்றியபோது வகுப்பே எழுந்து நின்றுகொண்டிருந்தது. பாட்டில் காலி.

தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“அன்னைக்கு நீங்க பக்கத்துலதான் நின்னீங்களா டீச்சர்?”

அன்னமேரி ஹெட்செட்டைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கட்டில்ல ஆளில்லையே என்று முணுமுணுத்தாள்.

பிறகு இருமினாள்.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

“தண்ணி… மோளே.” தொண்டையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தாள்.

என்ன செய்திருந்தாலும் தண்ணீர் கேட்கிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்க சிவசங்கரிக்கு மனம் வரவில்லை. பக்கத்து பெஞ்சிலிருந்த பாட்டிலை எடுத்தாள். கனமே இல்லை. அடுத்ததை எடுத்தாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் நிரப்பி வைத்தவை.

முப்பத்தாறு பாட்டில்களிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.