விலகல் படிவம்

காலை 9.20. இன்ஸ்பெக்டர் தன் மேசையில் கிடந்த தாளை மூன்றாவது முறையாகப் படித்தாள்.

"கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பிலிருந்து என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகிக்கொள்கிறேன். காரணம்: வேறு ஊருக்குக் குடிபோகிறேன். பிரசவ நாள்: செப்டம்பர் 20."

கீழே கையெழுத்து. தேதி ஜூன் 25.

கையெழுத்துக்குச் சொந்தக்காரி நேற்று, ஜூலை ஒன்பதாம் தேதி, இறந்துபோனாள். வயது இருபத்தாறு. தையற்கூடத்தில் காஜா போடுகிற வேலை. முற்பகலில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. கணவன் அவளை அள்ளிக்கொண்டு காப்புத் திட்டத்தின் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறான். அட்டையை நீட்டியதும் கணினியில் 'ரத்து' என்று வந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த பொது மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நாற்பது நிமிடப் பயணம். அங்கே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

எட்டு வாரம் முந்திப் பிறந்த பெண் குழந்தை. மூச்சு வாங்கத் திணறிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய கருவியோ, தாயைத் திருப்பி அனுப்பிய அதே மருத்துவமனையில்தான் இருந்தது. தாயின் அட்டை செல்லாதென்றால் குழந்தைக்கும் காப்பு கிடையாது.

திட்ட அதிகாரி தொலைபேசியில் பேசினார். "அந்தப் பொண்ணே விலகியிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. வேற யாரோ எழுதினதுன்னு நீங்க சொன்னா இன்னிக்கே அட்டையைத் திரும்பக் குடுக்கறேன். ஆனா நாலு மணிக்குள்ள. விட்டா திங்கக்கிழமைதான்."

"குழந்தை திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமா?"

"அதை டாக்டர்கிட்ட கேளுங்க."

கேட்டாள். "இன்னிக்கே அந்தக் கருவி வேணும் மேடம்" என்றார் மருத்துவர்.

10.05. பொது மருத்துவமனைத் தாழ்வாரம். கணவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் ஐந்து நாள் வெளியூர்.

"உங்களுக்குள்ள சண்டைன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களே?"

"ஆமா. பிரசவத்துக்கு எங்க அப்பா அம்மா இருக்கிற ஊருக்கு வந்துடுன்னு சொன்னேன். மாட்டேன்னா. செப்டம்பர் நாலுக்கு நாள் குறிச்சிருக்காங்க, இங்கதான் பெத்துப்பேன்னு பிடிவாதம் பிடிச்சா." அவன் நிமிர்ந்தான். "என் மேல கோவத்துல அவளே எழுதிக் குடுத்திருப்பாளோ மேடம்?"

"நீங்க எழுதலையா?"

"நானா?"

அருகில் இறந்தவளின் அக்கா. "ஞாயித்துக்கிழமை அவளைப் பாத்தேன். ரெண்டு காலும் மொத்தமா வீங்கிக் கெடந்துச்சு. மாசமா இருந்தா அப்படித்தான்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

11.30. காப்பு அலுவலகம். பதிவு குமாஸ்தா எழுந்து நின்றான்.

"படிவத்தை யார் கொண்டுவந்தது?"

"வாசல்ல இருக்கிற பெட்டியில கெடந்துச்சு மேடம்."

"அவளைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"கேக்கணும்னு விதி இல்லையே. அட்டை நம்பர் சரியா இருந்துச்சு, ரத்து பண்ணிட்டேன்."

"விதியெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீங்க. அவ பதிவைக் காட்டுங்க."

திரையைத் திருப்பினான். பெயர், முகவரி, ரத்த வகை. கடைசி ஸ்கேன் ஏப்ரல் 22. பிரசவ நாள் செப்டம்பர் 4. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

1.15. துணை சுகாதார நிலையம். ஒரே அறை. எடை பார்க்கும் கருவி, தடுப்பூசிப் பெட்டி, அலமாரி நிறையக் கோப்புகள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நர்ஸ் அழுது சிவந்த கண்களோடு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். மணிமணியான எழுத்து. 'மே 14: ரத்த அழுத்தம் இயல்பு. ஜூன் 11: ரத்த அழுத்தம் இயல்பு, வீக்கம் இல்லை.'

"ரெண்டு தடவையும் அவ அட்டையைப் பாத்தீங்களா, சிஸ்டர்?"

"அட்டையைப் பாக்காம எப்படி மேடம்? அதானே முதல் வேலை." நர்ஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "செப்டம்பர் இருபதுக்கு இன்னும் பத்து வாரம் இருந்துச்சே. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சே."

இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பொது மருத்துவமனைக்குப் போய்க் கணவனிடம் இருந்த அட்டையை வாங்கினாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

2.50. மறுபடியும் அதே அறை. அட்டையை நர்ஸின் முன் வைத்தாள். செப்டம்பர் 20 சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் செப்டம்பர் 4.

"ஏப்ரல் ஸ்கேன்ல நாளை மாத்திட்டாங்க. புருஷனுக்குத் தெரியும். குமாஸ்தாவோட கணினிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாம இருக்குமா? விலகல் படிவத்துல மட்டும் பழைய நாள். அப்போ அதை எழுதினவங்க ஏப்ரலுக்கு அப்புறம் இந்த அட்டையைக் கண்ணால பாக்கல. உங்க வாயிலயும் அதே பழைய நாள்தான் வந்துச்சு, சிஸ்டர். மே மாசமும் நீங்க போகல, ஜூன் மாசமும் போகல. எழுதினது நீங்க."

நர்ஸ் தன் நோட்டை எடுத்து மூடிவைத்தாள்.

"பக்கத்து வட்டாரத்து நர்ஸ் மாத்தலாகிப் போய் ஒரு வருஷம் ஆச்சு. அந்த எடத்துக்கு ஆள் போடல. என் தலையில இருநூறு கர்ப்பிணிங்க. எத்தனை வீட்டுக்குத்தான் போவேன்? போனதா எழுதி வச்சேன். திடீர்னு மேலிடத்துல இருந்து ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு விசாரிக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. காப்புப் பட்டியல்ல இல்லாதவங்களைக் கூப்பிட மாட்டாங்க..."

"அதனால அவளைப் பட்டியல்லேருந்தே எடுத்துட்டீங்க."

"ரெண்டு வாரத்துக்குத்தான் மேடம். விசாரணை முடிஞ்சதும் திரும்பச் சேத்துடலாம்னு இருந்தேன்." பையைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். மறுசேர்க்கைக்கான விண்ணப்பம். அதிலும் இறந்தவளின் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தாள். "திங்கக்கிழமை குடுக்கிறதா இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஜூன் மாசம் ஒரே ஒரு தடவை போய் ரத்த அழுத்தம் பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எதிரே இருந்தவளுக்கு அது நேற்றே தெரிந்திருந்தது.

3.35. திட்ட அதிகாரிக்குச் செய்தி போனது. படிவம் போலி. அட்டை செல்லும். தாய்க்குப் பயனில்லாமல் போனது குழந்தைக்குக் கிடைத்தது.

4.30. பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை, மூக்கில் மெல்லிய குழாயோடு. கணவன் ஓடிவந்தான்.

"அவ எழுதலையே மேடம்?"

"இல்லப்பா. அவ கையெழுத்து இல்ல அது. உன்மேல அவளுக்கு எந்தக் கோவமும் இல்ல."

கடைசி வாக்கியத்துக்கு அவளிடம் எந்தச் சான்றும் இல்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் சான்றில்லாமல் அவள் சொன்ன முதல் முடிவு அதுதான்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸ் பணியாள் கதவைப் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினான். "குழந்தைகூட ஒருத்தர்தான் வரலாம். குழந்தையோட அம்மா யாரு? ஏறுங்க, சீக்கிரம்."

இறந்தவளின் அக்கா செருப்பைக்கூடப் போடாமல் ஏறினாள். கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்தாள்.

"ஏறிட்டேன்" என்றாள். "கதவைச் சாத்துங்க."