மறைக்கச் சொன்ன பக்கம்

“அந்தப் பக்கத்த நிறுத்தச் சொன்னவா இதோ, இவாதான்” என்றார் ரங்கநாதன், பென்சிலால் சுட்டிக்காட்டி.

வெளியே ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஐப்பசி மழை... ஜன்னல் கம்பிகளில் துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இளவேனில் கையிலிருந்த விண்ணப்பத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவன். சட்டைத் தோளில் மழை, முன்கையில் கழுவியும் போகாத கிரீஸ் கறை. கண்கள்... கோபமாக இருக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தன. தூக்கம் கெட்ட கண்கள் என்று அவளுக்குள் இருந்த கண் பரிசோதகர் குறித்துக்கொண்டார். அழகான கண்கள் என்று குறித்துக்கொண்டது வேறு யாரோ.

“சார்... யார் கோரிக்கை கொடுத்தாலும் ரகசியமா இருக்கும்னு உங்க வெப்சைட்லயே போட்டிருக்கே?”

“ரகசியம்தாம்மா. நான் உங்க பேரச் சொல்லலையே” என்றார் ரங்கநாதன், நிஜமாகவே நம்பி.

‘காவிரிக்கரை வாரச்செய்தி’ என்றொரு பத்திரிகை திருச்சியில் வந்துகொண்டிருந்தது. நின்று பதினைந்து வருடமாகிறது. பழைய இதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தது ஓர் அறக்கட்டளை. அதற்கு ஸ்ரீரங்கத்தில் மாடியில் ஓர் அறை, ஒரு கணினி, வங்கியில் ஓய்வு பெற்ற ரங்கநாதன். அவ்வளவுதான் அலுவலகம்.

“நான் கலையரசன்” என்றான் அவன், அவரை விட்டுவிட்டு அவளிடம். “வையம்பட்டி. மன்னார்புரத்துல டிராக்டர் சர்வீஸ்ல இருக்கேன். ரெண்டாயிரமாம் வருசம் மே மாசம், ஏழாம் பக்கம். தேடினா ஸ்டாம்பு சைசுல காட்டுது. பெருசா பார்க்கணும்னா சந்தா கட்டுன்னான். கட்டினேன். கட்டின மறுநாள், ‘தனியுரிமைக் கோரிக்கையின் பேரில் நிறுத்தப்பட்டுள்ளது’ன்னு வருது. கடையில இப்படிப் பண்ணா சும்மா விடுவமா?”

“எனக்கு மட்டும் என்னவாம்? மறைங்கன்னு கேட்டதுக்கு ஆதார் கேக்கறாங்க, போன் நம்பர் கேக்கறாங்க, வீட்டு விலாசத்துக்கு ஆதாரம் கேக்கறாங்க. ஒண்ண மறைக்க மூணக் காட்டணுமாம். மெயில்ல அனுப்பப் பயந்துதான் நேர்ல வந்தேன்.”

அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவளுக்கும்தான். ஒரு நொடி... இருவரும் ஒரே கட்சி.

“அந்தப் பக்கத்துல எங்கம்மா இருக்காங்க” என்றான்.

“எங்கம்மாவும்தான்.”

சிரிப்பு எங்கோ போய்விட்டது.

ரங்கநாதன் தொண்டையைச் செருமினார். “பக்கம் முழுக்க ஒரே படம். கொஞ்சமா வெட்டி எடுக்க நம்மகிட்ட வசதி இல்ல. இப்ப இருக்கறது தற்காலிக நிறுத்தம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள இவா கையெழுத்துப் போட்டா நிரந்தரமா மூடிடும். போடலேன்னா தானா தொறந்துடும். நடுவுல பாக்கணும்னா இவா சம்மதம் வேணும். எனக்கே தொறக்காது.”

“அப்படி என்னங்க ரகசியம்?” என்றான் கலையரசன். “பேப்பர்ல வந்ததுதானே? ஊரே படிச்சதுதானே?”

இளவேனில் எழுந்தாள். “ஊரே படிச்சதுனாலதான்” என்றாள். பையை எடுத்தாள், குடையை எடுத்தாள், படியிறங்கிவிட்டாள்.

தெருமுனைக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது... ஆதார் நகல். மேசை மேலேயே இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, காட்டூர் விலாசம் எல்லாம் அந்த மனிதனுக்கு முன்னால் மல்லாந்து கிடக்கிறது. அவள் திரும்பி ஓடினாள்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே ரங்கநாதனின் குரல் கேட்டது.

“கோச்சுண்டு போயிட்டா. நம்பர் இருக்கு, தரட்டுமா? நீங்களே பேசிப் பாருங்கோளேன்.”

“வேண்டாங்க. அவங்க எங்கிட்ட கொடுக்கலையே.”

“விலாசம் கூட...”

“அதையும் மூடி வைங்க சார்.”

கதவருகே வந்து நின்றாள். கலையரசன் அந்த நகலைக் குப்புறத் திருப்பி, மேலே, தாள் பறக்காமலிருக்க வைக்கும் கண்ணாடி உருண்டையை வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

“நான் படிக்கலைங்க.”

“தெரியுது” என்று நகலை எடுத்துப் பையில் வைத்தாள்.

மழை வலுத்துவிட்டது. கீழே பூக்கடையின் தகரக் கூரைக்கடியில் இருவரும் ஒதுங்கினார்கள். அவளிடம் குடை இருந்தது. அதை விரிக்க வேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை.

“நான் கேட்டது தப்பு” என்றான் அவன். “அவசரத்துல வாய் விட்டுட்டேன்.”

“உங்கம்மா அந்தப் பக்கத்துல...?”

“போட்டோ. எங்க ஊர்ல தண்ணி வரலைன்னு காலிக் குடத்தோட பொம்பளைங்க எல்லாம் ரோட்ட மறிச்சாங்க. முன்வரிசையில எங்கம்மான்னு ஊர்ல சொல்வாங்க. வெள்ளையம்மாள்னு பேரு. அடுத்த வருசமே காய்ச்சல்ல போயிட்டாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு.” கூரையிலிருந்து விழும் நீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். “வீட்டுல ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதுல வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சிருக்காங்க. வகிடும் பூவும்தான் தெரியும். எங்கப்பாகிட்ட முகம் எப்படி இருக்கும்னு கேட்டா, நல்லா இருக்கும்பாரு. அவ்ளோதான் சொல்லத் தெரியும் அவருக்கு.”

அந்தப் பக்கத்தின் இடது மூலையில் இருக்கும் பதினோரு வரிகள் அவளுக்கு மனப்பாடம். ‘பொது அறிவிப்பு’ என்று தலைப்பு. என் மனைவி பிரேமலதா நடத்தை சரியில்லாமல் வீட்டை விட்டுச் சென்றுவிட்டபடியால் அவருக்கும், இரண்டு வயதுள்ள இளவேனில் என்ற குழந்தைக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை... கீழே அப்பாவின் பெயர். வீட்டை விட்டுத் துரத்தியவர் அவர்தான். அம்மா தையல் இயந்திரத்தோடு காட்டூருக்கு வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டாள்.

“எங்கம்மாவப் பத்தி ஒருத்தர் பொய் எழுதியிருக்காரு” என்றாள் மெதுவாக. “அதுல என் பேரும் இருக்கு. யாராவது என் பேரத் தேடினா முதல்ல அதுதான் வருது. பொண்ணு பார்க்க வரேன்னு சொன்ன ரெண்டு இடம்... வரவே இல்ல. அது கூடப் போகட்டும். நெட்ல ஏத்தினது எங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா திரும்பவும் முதல்லேர்ந்து தாங்கணும்.”

யார் அந்த ஒருத்தர் என்று அவன் கேட்கவில்லை.

“அப்ப... கையெழுத்துப் போட்டுருங்க.”

“உங்கம்மா?”

“இத்தனை வருசம் பார்க்காமத்தானே...” கூரையிலிருந்து வழியும் நீரில் கையை நீட்டினான்.

மழை குறைந்தது. அவள் குடையை விரித்தாள். இரண்டடி போனாள், நின்றாள்.

“நம்பர் எழுதிக்கங்க. நானே தரேன்.”

அந்த வாரம் அவன் ஒருமுறை கூடப் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒரு செய்தி. சேற்றில் பாதி புதைந்த டிராக்டரின் படம் ஒன்று. புதன்கிழமை மதியம், சாலை ரோட்டில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்து நின்றான்.

“கண்ணு மங்கலா இருக்குங்க. உண்மையாத்தான்.”

“எந்த வரி தெரியல?”

“கடைசி வரி.”

“அது எனக்கே தெரியாது. தாடைய இதுல வைங்க... அசையக் கூடாது. என் வலது காதப் பாருங்க.”

கருவியின் மெல்லிய ஒளி அவன் விழியில் விழுந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கண்களைப் பார்ப்பவள் அவள். கருமணியைச் சுற்றி இப்படி ஒரு செம்பழுப்பு வளையம்... புது மழையில் நனைந்த செம்மண் மாதிரி... குறித்துக்கொள்ள இதற்கெல்லாம் சீட்டில் கட்டம் கிடையாது.

“காதத்தான் பார்க்கணுமா?”

“காதத்தான்.”

“ரொம்ப நேரமாப் பார்த்துட்டேனே... ஜிமிக்கி ஆடுது.”

“உங்க கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல” என்றாள் விளக்கை அணைத்து.

“அப்ப வேற எங்க?”

“அதுக்கு வேற டாக்டரப் பாருங்க.”

அவன் போன பிறகு, அடுத்து வந்த பெரியவரிடமும் இடது காதுக்குப் பதிலாக வலது காதையே இரண்டு முறை காட்டினாள்.

அன்று மாலை காட்டூரில், துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் மறைக்கவோ காட்டவோ அது அவளுடைய பக்கம் மட்டும் இல்லையே.

பிரேமலதா ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். “ஆடி மாசமே பார்த்தேன். ஜாக்கெட் தைக்க வந்த பொண்ணு போன்ல காட்டிச்சு.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ பார்த்துடக் கூடாதேன்னுதான்.”

இளவேனில் துணிகளை ஒதுக்கிவிட்டு அம்மாவின் அருகே உட்கார்ந்தாள். பிறகு அம்மா சொன்னாள். “நானும் அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். காலையில எந்திரிச்சு இன்னொரு தரம் படிச்சேன். அடியில எழுதினவன் பேரு இருக்கில்ல? கூச்சப்படறதுன்னா அவன் படட்டும். தேடினா உன் பேரு மட்டும் வராமப் பண்ண முடியுமான்னு கேளு. அந்தப் புள்ளைக்கு அவங்க அம்மாவக் காட்டு.” ஊசியைக் கீழே வைத்தாள். “புள்ள எப்படி இருப்பான்?”

“நல்லா இருப்பாங்க” என்றாள் இளவேனில். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை.

“பண்ணலாமே” என்றார் ரங்கநாதன். “விண்ணப்பத்துல மூணாவது கட்டம். பேர மட்டும் தேடல்லேர்ந்து எடுத்துடுவா. பக்கம் அப்படியே இருக்கும்.”

“போன வாரமே சொல்லியிருக்கலாமே சார்.”

“நீங்க கேக்கலையேம்மா.”

கலையரசனும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ரங்கநாதன் ஏதோ எண்களைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“இது தொறக்கக் கொஞ்சம் நாழியாகும். நான் கீழ போய் காபி சாப்ட்டு வரேன்.” கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

வட்டம் நின்றது. பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. இளவேனிலின் கை தானாக எழுந்து இடது மூலையில் பதிந்தது. ஐந்து விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் அடியில் பதினோரு வரிகள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். திரையின் வலப்பக்கம் திரும்பினான்.

கறுப்பு வெள்ளைப் படம். தார்ச்சாலை, ஒரு பேருந்தின் மூக்கு, இருபது முப்பது பெண்கள். முன்வரிசையின் நடுவில் ஒருத்தி பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். புடவை இடுப்பில் செருகியிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. தலை குனியவில்லை. யாரோ ஓர் அதிகாரியை நேருக்கு நேர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். நெற்றிக்குக் கீழே கலையரசனின் அதே கண்கள்.

“கத்துறாங்க...” என்றான். “எங்கம்மா கத்துறாங்கங்க. இத்தனை வருசமா ரொம்ப அமைதியானவங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன்.”

சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்ணீர் இறங்கியது. புறங்கையால் துடைத்தான். அது போதவில்லை. அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள், இன்னொரு கையை எடுக்காமலே.

“கை வலிக்கலையா?” என்றான் கொஞ்சம் ஆறிய பிறகு.

“ஊர் பார்க்கட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கும் சரின்னுதான் படுது. யார் வேணா பார்க்கட்டும். ஆனா...” அவள் மேசையைப் பார்த்துப் பேசினாள். “நீங்க பார்த்தா என்ன நினைப்பீங்களோன்னு... அது மட்டும்தான் ஒரு வாரமா. ஏன்னு எனக்கே புரியல. உங்களப் பார்த்துப் பத்து நாள் கூட ஆகல.”

“எட்டு நாள்” என்றான்.

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை நிமிர வைத்தது. எண்ணியிருக்கிறானா...

அவள் கையை எடுத்தாள்.

“படிங்க.”

அவன் படித்தான். நிதானமாக, கடைசிப் பெயர் வரை. அவள் அவன் முகத்தில் ஒவ்வொரு வரியும் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல உங்களுக்கு ரெண்டு வயசுன்னு போட்டிருக்கு” என்றான்.

“ம்.”

“ரெண்டு வயசுக் குழந்தையைப் பேப்பர்ல போட்டு வேண்டாம்னு சொன்ன ஆளு... அவரு பேச்ச வெச்சு நான் உங்கம்மாவத் தப்பா நினைப்பேன்னு பயந்தீங்களா?”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். இப்போது கைக்குட்டை திரும்பி வந்தது. அது ஏற்கனவே நனைந்திருந்தது.

“சாயங்காலம் இந்தப் போட்டோவ பிரிண்ட் எடுத்துட்டு ஊருக்குப் போறேன். அப்பாகிட்ட காட்டணும்.” சற்றுத் தயங்கினான். “நீங்களும் வரீங்களா?”

“வந்தா... யாருன்னு சொல்லுவீங்க?”

கலையரசன் திரையை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளை.

“கட்டிக்க ஆசைப்படற பொண்ணுன்னு சொல்லணும். நீங்க சம்மதிச்சாத்தான் அதச் சொல்வேன். இல்லைன்னா, அம்மாவக் காட்டின பொண்ணுன்னு மட்டும் சொல்றேன்.”

மாடிப்படியில் ரங்கநாதனின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. இளவேனில் கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டையும் சொல்லுங்க” என்றாள்.