குடைந்த பம்பரம்

பம்பரத்தின் ரீங்காரத்துக்கு நடுவே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மழையாக இருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிற்பகலிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடைசல் இயந்திரத்தை நிறுத்தி ஒரு மணி நேரமாகியும் அதன் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அறை முழுக்க உருகிய அரக்கின் வாடையும் ஈரம் ஏறிய மரத்தூளின் வாடையும் கலந்து கிடந்தன. பம்பரம் தள்ளாடி, சாய்ந்து, உருண்டு மேசைக்காலில் முட்டி நின்றது. மூச்சும் நின்றது.

கல்யாணமான பதினோரு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பார்க்கும் தொழில் இது. அவர் மரம் கடைவார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திச் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவது அவள். யோ-யோவும் பம்பரமுமாக, விளையாடுவதற்கு மட்டுமல்லாமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பதற்கும் வாங்கிப் போவார்கள். மூன்று வருடமாக இந்தப் பாடும் பம்பரத்துக்குத்தான் கிராக்கி. உள்ளே குடைந்து, இரண்டு பாதியையும் ஒட்டி, பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துளை. ஒட்டுவதை மட்டும் அவர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். காற்றுப் பட்டால் பசை பிடிக்காது என்பார். ஒட்டியது அங்கேயே காய்ந்து, நேராகப் பெட்டிக்குப் போய்விடும்.

அவர் வாயைத் திறக்க வேண்டுமென்றால் பல் வைத்தியர்தான் வரவேண்டும் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இன்று அவர் கடைக்குப் பெட்டி கொண்டுபோயிருந்தார். ஒரு பம்பரம் மட்டும் பெட்டிக்குள் போகாமல் தங்கிவிட்டது. நிறங்கள் சுழலும்போது எப்படிக் கலக்கின்றன என்று பார்க்கத்தான் அவள் சாட்டையைச் சுற்றினாள்.

மறுபடி சுற்றி விட்டாள். இந்தத் தடவை குனிந்து காதைக் கொடுத்தாள். வண்டு முரல்வது போன்ற ஒலி. அதற்கடியில் மூச்சு. அதற்கும் அடியில் ஒரு பெண்குரல், களைத்துப்போய்.

"நான்தான் கையை விட்டேன்."

அவளுடைய குரல்.

ஒன்பது வயதில், ஆற்றங்கரையில், தம்பியின் கையை அவள்தான் விட்டாள். அவனாக வழுக்கி விழுந்தான் என்று வீட்டில் சொன்னாள். அப்பா, அம்மா, போலீஸ் எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள். உண்மையை ஒரே ஒருவரிடம்தான், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, ஒரே போர்வைக்குள் படுத்தபடி சொல்லியிருந்தாள். அவர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்த விரல்களில் அன்றைக்கும் பசை வாடை அடித்தது.

பின்னறைக்குப் போனாள். ஒட்டிக் காயவைத்த பம்பரங்கள் பலகையில் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் தரையில் விட்டாள். "அம்மா செத்தப்ப எனக்கு அழுகையே வரல." இன்னொன்று. அதில் வார்த்தை இல்லை, சிரிப்பு மட்டும். அவருக்கு மட்டுமே தெரிந்த அவளுடைய சிரிப்பு. அந்தச் சின்ன அறைக்குள் அது சுற்றிச் சுற்றிச் சிரித்தது.

தம்பியை நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆறு வந்தது. கரை வந்தது. கரையில் தன் கை நீண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்திருந்தவனுக்கு முகம் இல்லை. பெயரும் வரவில்லை.

உளியை எடுத்து ஒரு பம்பரத்தைப் பிளந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் மரம் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக. காய்ச்சல்காரியின் வாய் வாடை.

வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

அவர் உள்ளே வந்து, பிளந்து கிடந்ததைப் பார்த்தார். முகம் மாறவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்," என்றாள்.

"ஆமாம்மா." குரலில் குற்ற உணர்வே இல்லை. "வெறும் மரம் பாடாது. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். துளையைப் பெருசாக்கினேன், மரத்தை மாத்தினேன். நீ சொன்னதை உள்ள சொல்லி ஒட்டினாத்தான் பாடுது."

"என் தம்பி முகம் எங்க?"

"எல்லாம் ஒரே பம்பரத்துல அடங்காது. முகம் போன வாரப் பெட்டியில போயிடுச்சு." பிறகு, ஆறுதல் சொல்வதுபோல, "உனக்கும் பாரம் குறைஞ்சுதுல்ல?" என்றார்.

அவள் ஓட நினைத்தாள். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள். பதினோரு வருடம் இந்த மனிதரின் தோளில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் அவர் மெதுவாக, அன்பாக, 'அப்புறம்?' என்று கேட்பார். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் புதிதாகக் கடைந்த இரண்டு பாதிகளை எடுத்தார். இந்த முறை கதவைக்கூடச் சாத்தவில்லை. குடைந்த பாதியை உதட்டருகே கொண்டுபோனார். அவர் வாய் அசைந்தது. அதிலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்."

வேண்டாம் என்று கத்த வாயெடுத்தாள். எது வேண்டாம்?

மூடிய பாதிகளை அவர் இறுக்கிப் பிடித்தார். பசை பிதுங்கியது.

கையில் ஒரு உளி இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை. கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. யாருடைய வீடு இது? ஏதோ பயம். என்ன பயம்?

எதிரே இருந்த ஒருவர் அருகில் வந்தார். விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"என்னம்மா, பயந்துட்டியா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு."

இவ்வளவு பரிவாக யாரும் அவளிடம் பேசியதாக நினைவில்லை. அவர் தோளில் சாய்ந்து, தனக்குள் மிச்சமிருந்த கடைசி ஒன்றை அவள் சொல்லத் தொடங்கினாள்.