மாரில் விழுந்த மூன்று அடி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எழிலரசியின் துப்பறியும் அலுவலகத்துக்குச் சிதம்பரத்திலிருந்து வந்த மாலதி டீச்சர், உட்காரும் முன்பே செல்போனை நீட்டினாள்.

"எங்கம்மா செத்துப் பதினஞ்சு நாளாவுது. சாவுக்கு வந்து ஒப்பாரி வச்ச இந்தப் பொம்பள யாருன்னு தெரியணும். எங்கப்பா வச்சிருந்த பொம்பளன்னு சொந்தக்காரங்க பூரா பேசுறாங்க. கேட்டா அவரு வாயே தொறக்கல. நானும் அவர்கிட்ட பேசுறதில்ல. நாளைக்குக் காரியம்."

"அந்தம்மாவ என்ன பண்ணீங்க?"

"கையப் புடிச்சு வெளிய தள்ளிட்டேன்."

எழிலரசியின் தம்பி சிங்காரம், ஆட்டோவை விற்றுவிட்டு அக்காவுக்கு உதவியாளாகச் சேர்ந்தவன். "சந்தேகமே வேணாம்க்கா, சின்ன வீடுதான்!" என்றான். அவன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டால் தேவலை. எழிலரசி வீடியோவை ஓடவிட்டாள். நாற்பதை நெருங்கும் ஒருத்தி பிணத்தின் காலடியில் மாரடித்து மூன்று கண்ணி பாடினாள். முதல் கண்ணி:

கிள்ளைக் கழியோரம் –
கெண்டைமீன் துள்ளையிலே
அள்ளிக் கொஞ்சின கை –
அசையாமப் போனதென்ன

"கிள்ளைக்கு அள்ளி, எதுகை சுத்தம். மோனையும் தப்பல. ஆனா முதல் வரி முடிவுலயும் மூணாவதுலயும் பாட்டு நின்னு போவுது, கவனிச்சியா?"

"அழுகையில தொண்டை அடைச்சிருக்கும்க்கா."

"அடைச்சா எங்க வேணா அடைக்கும். இங்க ஆறு தடவையும் ஒரே எடம். வாய் மூடியிருக்கு, கை மட்டும் மாருல அடிக்குது. எண்ணு."

சிங்காரம் எண்ணினான். ஆறு இடத்திலும் மும்மூன்று அடி.

"அந்த எடத்துல முறை சொல்லி அழணும் டீச்சர். இதே வீடியோவுல இன்னொரு அம்மா 'அக்கா'ன்னு அழுவுது, ஒரே அடி. சக்களத்தியும் அக்கான்னுதான் அழுவா. நீங்க என்னன்னு அழுதீங்க?"

வீடியோவில் மாலதியின் குரலே கேட்டது. 'என்னப் பெத்த அம்மா.' மூன்று அடி. மாலதி தானே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அம்மா பொறந்த ஊரு?"

"கிள்ளை. கல்யாணமாகித்தான் சிதம்பரம் வந்தாங்க."

"அப்பாவோட பழகினவ அம்மாவோட கிள்ளையை எதுக்குப் பாடுறா? கல்யாணத்துக்கு முன்னாடி அங்க உங்களுக்கு மூத்தவ ஒருத்தி பொறந்திருக்கா. ஊரு முன்னாடி சொல்ல முடியாத முறைய மாருலயே அடிச்சுக்கிட்டா."

அன்று மாலையே மூவரும் சிதம்பரம் போனார்கள். மாலதியின் அப்பா பக்கிரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலைகுனிந்தார்.

"கட்டிக்கிறதுக்கு முன்னாடியே உங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டாம்மா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். அவ போனப்புறம் அது செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியல. நான்தான் அந்தப் பொண்ணு கலைமணிக்கு போன் பண்ணி வரச் சொன்னேன்."

"ஐயோ, பெத்த தாய்க்கு வாய்க்கரிசி போட விடாம தொரத்திட்டேனேப்பா!" மாலதி அவர் போனை வாங்கி அந்த எண்ணுக்கு அடித்தாள். "அக்கா, நான் மாலதி. நாளைக்குக் காரியம். என்ன மன்னிச்சு வந்துடுக்கா."

மறுமுனையிலிருந்து அழுகைதான் வந்தது. பிறகு, "வரேம்மா. நான் யாருன்னு மட்டும் சொல்லிடாத. செத்தவங்க பேரு கெடக் கூடாது."

"அப்ப அப்பா பேரு?"

பக்கிரி மகள் தலையில் கை வைத்தார்.

"அது கெட்டுக் கெடந்துட்டுப் போவட்டும்மா. நீ பேசிட்டல்ல, எனக்கு அது போதும்."