உட்கார்ந்த காற்று

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்த சுமைதூக்கி கஸ்மாதி, மார்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தெம்பே என்னும் புளித்த சோயாக் கட்டி செய்வதற்காகச் சோயா வேகவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி வார்த்தினி, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கணவனின் சட்டையெல்லாம் வேர்வை... தொட்டால் ஜில்லென்றிருந்தது!

"என்னங்க... என்ன பண்ணுது?"

"நெஞ்சை அழுத்துது தினி... தாடை வரைக்கும் இழுக்குது..."

அதற்குள் அவன் அக்கா சுமீரா தைலமும் நாணயமுமாக வந்துவிட்டாள். க்லாத்தன் ஊரில் அந்தச் சந்து முழுக்கத் தலைவலி, குளிர் என்றால் முதுகைக் கொண்டுவந்து நீட்டுவது அவளிடம்தான். தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, தைலம் தடவி, முதுகை நாணயத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"உள்ள காத்து புகுந்திருக்கு. நெஞ்சுல போய் உக்காந்துக்கிச்சு. சுரண்டினா இறங்கிடும்."

"அண்ணி... ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு..."

"வாயை மூடுடி! எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பொணமாக் கொண்டுவந்தவதானே நீ? இப்ப என் தம்பியுமா?"

ஆறு வருஷமாக இதே பேச்சு. சோறு பரிமாறும்போதும், பெருநாளிலும், விருந்தாளிகள் முன்னாலும்! வார்த்தினி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு உழைத்தாள். இன்றும் தலையைக் குனிந்துகொண்டு கணவனின் ஜில்லிட்ட காலைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

முதுகில் சிவப்புக் கோடுகள் எழுந்தன. "பாத்தியா, காத்து வெளிய வருது!" என்றாள் சுமீரா. இஞ்சித் தண்ணி கொடுத்தாள். அவன் வாந்தி எடுத்தான். "நல்லதுதான், காத்து கலையுது!" எது நடந்தாலும் அவளுக்கு ஒரு காற்று இருந்தது, போங்கள்!

மணி எட்டைத் தாண்டியது. கஸ்மாதியின் உதடு சாம்பல் பூத்தது. "தினி..." என்றவனுக்கு அடுத்த சொல் வரவில்லை.

அவ்வளவுதான். வார்த்தினி தெருவுக்கு ஓடி, காய்கறி வேன் ஓட்டும் பைமினைக் கையோடு இழுத்துவந்தாள். சுமீரா வாசலை மறித்து நின்றாள்.

"என்னைத் தாண்டித்தான் போகணும்!"

"தாண்டுறேன் அண்ணி! அவர் அங்க செத்தா கொலைகாரின்னே கூப்பிடுங்க, கேட்டுக்கறேன். இங்க வச்சு சாகவிட மாட்டேன்! பைமின் அண்ணே, தூக்குங்க!"

பைமின் அவனைத் தூக்கி வேனில் படுக்கவைத்ததும், சுமீராவும் அழுதபடி ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் வார்த்தினி கணவனின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த பெண் டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மாரடைப்பு. வலி எப்ப ஆரம்பிச்சது? சரியாச் சொல்லுங்க, வைத்தியமே அதை வச்சுத்தான்."

"இப்பத்தான்... அரை மணி நேரம் இருக்கும்" என்றாள் சுமீரா.

வார்த்தினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்ல டாக்டர்! சுபுஹுலேர்ந்து. நாலு மணி நேரம் ஆகப்போகுது!"

டாக்டர் அவன் முதுகைத் திருப்பிப் பார்த்தார். "நாலு மணி நேரம் யாரு இவரை வீட்டுல வச்சிருந்தது?"

நாணயம் இருந்த கையைச் சுமீரா முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வார்த்தினி அதைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர்... எனக்குத் தெரியல" என்றாள் வார்த்தினி.

"ஒவ்வொரு நிமிஷமும் இதயம் செத்துக்கிட்டிருக்கும்மா!" டாக்டர் உள்ளே ஓடினார். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் சுமீரா கேட்டாள்: "ஏண்டி பொய் சொன்ன?"

"நேரத்தை மாத்திச் சொன்னா அவர் உயிருக்கு ஆபத்து அண்ணி. ஆளை மாத்திச் சொன்னா எனக்குத்தானே திட்டு... பழகிப்போச்சு."

சுமீரா விம்மி வெடித்தாள். "அம்மாவுக்கும் இதே வலிதான்டி! தாடை இழுக்குதுன்னு சொன்னாங்க... ரெண்டு நாள் சுரண்டினேன். நீ கூட்டிட்டுப் போனப்ப எல்லாம் கைமீறிப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியும்... தெரிஞ்சேதான் பழியை உன் தலையில போட்டேன்!"

வார்த்தினிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "ஆறு வருஷம் அண்ணி... ஆறு வருஷம்!"

மூத்தவள் குனிந்து இளையவளின் முழங்காலில் நெற்றியை வைக்கப் போனாள். வார்த்தினி பதறிப்போய்ப் பாதியிலேயே அவளைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கை விடவில்லை. கட்டிக்கொண்டு இருவரும் அழுதார்கள். கண் மட்டும் அந்த மூடிய கதவிலேயே இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"உயிர் தப்பிச்சிட்டார். ஆனா இதயத்துல ஒரு பாகம் போயிருச்சு. இனி மூட்டை தூக்கக் கூடாது. யாராவது ஒருத்தர் உள்ள வாங்க."

சுமீரா வார்த்தினியை முன்னால் தள்ளினாள். "நீ போடி." பிறகு, வெளியே காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்:

"டாக்டரம்மா! என் தம்பியை வீட்டுல பிடிச்சு வச்சது இவ இல்ல. நான்!"