எட்டு ரசீதுகள்

2008 நவம்பர் 17, திங்கள். காலை 10.20.

அருள்புரம் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்த சோணைமுத்து, சப்-இன்ஸ்பெக்டர் ராமாத்தாளின் மேசையில் பதினொரு ரசீதுகளை வைத்தார். கூடவே ஒரு வங்கிக் கடிதம். அவருடைய கிரெடிட் கார்டு பாக்கியை வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். வந்தது மூன்றே தவணைகளாம்.

"மாசாமாசம் ஆயிரத்தைந்நூறு குடுத்தேம்மா. முழுசா அடைக்க முடியல, ஆனா ஒரு மாசமும் விட்டதில்ல. பொஞ்சாதி நதியா நினைவில்லாமக் கெடக்கையில ஆபரேசனுக்கு லோன் கேட்டேன். கடன் கட்டாதவன்னு சொல்லித் தரமாட்டேன்னுட்டாக. போன மாசம் நதியா போயிட்டா. எனக்குப் பணம் வேணாம். நான் கட்டுனவன்னு சொன்னாப் போதும்."

"பணத்தை யார்கிட்ட குடுத்தீங்க?"

"வசூலுக்கு வர்ற ஆறுமுகசாமிக்கு. நான் ஷிப்டுல இருப்பேன். நதியாகிட்ட வச்சிட்டுப் போவேன். அவ குடுத்து ரசீது வாங்கி வப்பா."

காலை 11.45.

ஆறுமுகசாமி வந்து நின்றார். சோணைமுத்து போன வாரமே வங்கியில் கொடுத்த புகாரால் வசூல் ஏஜென்சி அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது.

"மூணு தவணை வாங்கினனுங்க. அப்புறம் தரவே இல்லீங்க."

"இந்த எட்டு ரசீது?"

"என்ற கையெழுத்தாட்டவே இருக்குதுங்க. ஆனா நான் போடலீங்க. பிப்ரவரியில ஒரு ரசீது புக்கு தொலைஞ்சு போச்சு. அன்னைக்கே ஆபீசுல எழுதிக் குடுத்தனுங்க."

"சோணைமுத்துவுக்கு போன் பண்ணலீங்களா?"

"போனை அவரு கம்பெனிக்குள்ள கொண்டுபோக முடியாதுங்க. ஊட்டுல அந்தம்மாதான் எடுப்பாங்க. அடுத்த மாசம் தர்றேம்பாங்க."

பக்கத்திலிருந்த ஏட்டு உதட்டைப் பிதுக்கினார். ராமாத்தாள் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். முதல் மூன்றின் எண்கள் 2114, 2790, 3502. அடுத்த எட்டும் 3951 முதல் 3958 வரை.

"ஒரு நாளைக்கு எத்தனை ஊட்டுல வசூல் பண்ணுவீங்க?"

"முப்பது இருக்குமுங்க."

மாலை 3.10.

சோணைமுத்துவின் வாடகை வீடு. சுவரில் தொங்கிய காலண்டரில் மாத்திரை நேரங்கள் பால்பாயிண்டில் எழுதப்பட்டிருந்தன. ராமாத்தாள் அதன் முன் நின்றாள். கையிலிருந்த ரசீதுகளைப் பார்த்தாள்.

"இது யார் எழுதினதுங்க?"

"நதியா. கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. எதையும் எழுதி வப்பா."

"கொஞ்சம் உக்காருங்கண்ணா."

அவர் உட்கார்ந்தார்.

"ஆறுமுகசாமி பணத்தை எடுக்கலீங்க. எட்டு மாசத்து ரசீதும் அடுத்தடுத்த நம்பர். தினம் முப்பது பேருக்குக் கிழிக்கற புக்குல அப்படி வராதுங்க. இது உங்களுக்கு மட்டுமே எழுதின புக்கு. கையெழுத்தைப் பாத்து அப்படியே போட்டிருக்காங்க. எண் எழுதற விதம் மட்டும் மாறலை. ரசீதுல இருக்கற அஞ்சுக்கு மேல்கோடு ஒட்டாம தனியா நிக்குது. காலண்டர்லயும் அப்படியே இருக்குதுங்க."

சோணைமுத்து எழுந்து காலண்டரிலிருந்த ஐந்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். சேலைகளுக்குக் கீழே மீதி ரசீது புத்தகம் இருந்தது. அதற்கும் கீழே ஓர் அஞ்சலகப் பாஸ்புக். பத்து வயது மகள் அனுசுயாவின் பெயரில் எட்டு வரவுகள்.

"ஆபரேசன் பண்ணாலும் உறுதியில்லன்னு முன்னயே டாக்டர் சொன்னாரு. அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா." பாஸ்புக்கை மூடினார். "பிள்ளைக்குன்னு வச்சிருக்கா. இதுனாலயே லோன் நின்னுபோகும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."



மறுநாள் காலை 9.30.

சோணைமுத்து புகாரைத் திரும்பப் பெற்று எழுதிய தாளை ராமாத்தாள் இரண்டு முறை படித்தாள். 'தவணை கட்டத் தவறியது நான்தான்' என்றிருந்தது.

"நீங்க கட்டினவருன்னு சொல்லச் சொல்லித்தானே வந்தீங்க?"

"அவ பேரு இதுல வரக்கூடாதும்மா."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். ஆறுமுகசாமி தன் மொபெட்டில் உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னுதுதாங்க. ஒங்க ஆபீசுக்கு வந்து நானே சொல்றேன்."

ஆறுமுகசாமி அவர் முகத்தையே பார்த்தார். சீட்டில் சற்று முன்னால் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறுங்க."